பையனுக்கு என்ன வயது?

2014 நவம்பர் 22ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாண்ட் நகரத்துப் பூங்கா ஒன்றில் தமிர் ரைஸ் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். பார்த்த ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார். துப்பாக்கி போலியாக இருக்கலாம், வைத்திருப்பது சின்னப் பையனாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். அந்த இரண்டு விவரமும் கிளம்பிப் போன காவலர்களுக்குச் சொல்லப்படவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டே விநாடியில் சுட்டார்கள். சுட்ட பிறகு ரேடியோவில் போன தகவலில் அவனைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: கறுப்பின ஆண், 20 வயது இருக்கலாம்.

தமிருக்கு 12 வயது. மறுநாள் இறந்துபோனான்.

அந்த எட்டு வருடம் எங்கிருந்து வந்து அவன்மேல் ஒட்டிக்கொண்டது? அதே 2014இல், அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் ஃபிலிப் அட்டிபா காஃப் முதலானோரின் ஆய்வு வெளியாகியிருந்தது. சிறுவர்களின் படங்களைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டி, வயதைக் கணிக்கச் சொன்னார்கள். கடுங்குற்றத்தில் சந்தேகிக்கப்படுபவன் என்று சொல்லிக் காட்டிய கறுப்பினச் சிறுவர்களின் வயதைச் சராசரியாக நாலரை வருடம் கூட்டிச் சொன்னார்கள் மாணவர்கள். அந்தக் கணக்குப்படி பதின்மூன்றரை வயதுப் பையன் சட்டத்தின் கண்ணுக்கு வளர்ந்த ஆளாகிவிடுகிறான். ஒன்பது வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலக் கள்ளமில்லாதவர்களாகத் தெரிகிறார்கள், பத்து வயதிலிருந்து கறுப்பினப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்த எண்ணம் குறைய ஆரம்பிக்கிறது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

கறுப்பினச் சிறுவர்களைப் பற்றி ஊறிப்போன கெட்ட எண்ணங்கள் என்றால் முரடன், திருடன், படிப்பு ஏறாதவன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த வயதுத் திருட்டு என்று நான் நினைக்கிறேன். குழந்தையைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள். பயப்பட வேண்டுமென்றால் முதலில் அவனைப் பெரிய ஆளாக்கியாக வேண்டும். ஆகவே, இந்த எண்ணங்களை எதிர்த்து எடுக்கப்பட்ட உருவப்படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். இந்தப் படத்துக்குள் பையன் தன் வயதில் இருக்கிறானா?

பையனின் வயதைப் பறித்ததில் கேமராவுக்கும் பழைய பங்கு உண்டு. 1850இல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்ற தன் வாதத்துக்குச் சான்று தேடினார். தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், ஜோசப் ஜீலி என்பவரின் ஸ்டுடியோவில், அடிமைகளாக இருந்த ஏழு பேரை உடை களையவைத்து முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்தார்கள். வெள்ளித் தகட்டில் பதிந்த டாகுரோடைப் படங்கள் அவை. 1976இல் ஹார்வர்டு அருங்காட்சியகம் ஒன்றின் பரணிலிருந்து அவை வெளியே வந்தன. அவற்றில் இருக்கும் ரென்ட்டி என்பவர் தன் முன்னோர் என்று சொல்லி தமாரா லானியர் தொடுத்த வழக்கு, 2019இல் தொடங்கி 2025இல்தான் சமரசத்தில் முடிந்தது. 1880களில் பாரிஸ் போலீசில் அல்போன்ஸ் பெர்ட்டியோன் கைதிகளைப் பதிவுசெய்ய முகம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று என்ற முறையை வகுத்தார். இன்றும் காவல் நிலையங்களில் எடுப்பது அதே முறைதான். முன், பக்கம், முடிந்தது. இந்த வகைப் படத்தில் நிற்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

இதற்கு எதிர்ப்பாட்டும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து, அந்த நூற்றாண்டின் பெரும் பேச்சாளர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் டக்ளஸ், தன்னைப் படம் எடுக்கச் சொல்லித் தானே ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்தார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலேயே அதிகம் படமெடுக்கப்பட்டவர் அவர்தான். ஏறத்தாழ 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. அநேகமாக எதிலும் சிரிக்கமாட்டார். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் சந்தோஷமான அடிமை என்ற கேலிச்சித்திரம் அப்போது ஊரெங்கும் அச்சாகிக்கொண்டிருந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல்கூட பாஸ்டனில் படங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எல்லாரும் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் படத்தைப் பற்றிப் பேசியது வீண்வேலை அல்ல என்பது இப்போது புரிகிறது.

டக்ளஸ் வளர்ந்த மனிதர். சிறுவர்களிடம் வருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. அதில் நான் நின்று பார்க்க விரும்பும் இடம் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா.

கறுப்பினச் சமூகவியல் அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1897 முதல் அங்கே பேராசிரியராக இருந்தார். 1899 ஏப்ரலில் அட்லாண்டாவுக்குக் கொஞ்ச தூரத்தில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. நியாயம் கேட்டு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார் டு பாய்ஸ். போகிற வழியிலேயே, அந்த மனிதரின் விரல் முட்டிகள் ஒரு மளிகைக் கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டார். அடுத்த மாதம் அவருடைய ஒரே மகன், இரண்டு வயது நிறையாத பர்கார்ட், தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். ஜார்ஜியா மண்ணில் பிள்ளையைப் புதைக்க மனம் வராமல் வடக்கே மசாசூசெட்ஸுக்குக் கொண்டுபோனார்.

இந்த மனிதர்தான் அடுத்த வருடம், 1900இல், பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஜார்ஜியாவின் கறுப்பின மக்களைக் காட்டும் 363 படங்களை ஆல்பங்களாகத் தொகுத்து அனுப்பினார். அவற்றில் எத்தனையோ பிள்ளைகள், வாலிபர்கள். பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை. பலருக்கு முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று என்று இரட்டையாகப் படம். அகாசிக்காக எடுத்த அதே வடிவம், பெர்ட்டியோன் வகுத்த அதே வடிவம். ஆனால் கழுத்தில் காலர், மார்பில் ப்ரூச், வாரிவிட்ட தலை. கைதிப் படத்தின் சட்டகத்தையே எடுத்து அதற்குள் கைதியாக்க முடியாத முகங்களை உட்காரவைத்தார். எந்த வடிவம் இவர்களை அவமானப்படுத்தியதோ அதை வைத்தே பதில் சொன்ன அந்தத் துணிவை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

அந்த ஆல்பங்களின் பல படங்களை எடுத்தவர் தாமஸ் ஆஸ்க்யூ, அட்லாண்டாவின் கறுப்பின ஸ்டுடியோக்காரர். அவர் எடுத்த ஒரு படத்தில், அவர் வீடு இருந்த சம்மிட் அவென்யூ தெருவின் பெயரைத் தாங்கிய இசைக்குழு இருக்கிறது. ஆறு பையன்கள். ஐந்து பேர் அவருடைய பிள்ளைகள்; அவர்களில் இருவர் இரட்டையர். ஆறாவது பையன் பக்கத்து வீடு. கோட்டும் சூட்டும் போட்டு, ஆளுக்கொரு நரம்பிசைக் கருவியோடு இருக்கிறார்கள். உடையையும் வாத்தியத்தையும் மறந்துவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்பது அப்பா. அசையாமல் இரு என்று அதட்டியிருப்பார். அந்த அதட்டலில் பயமில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். விறைப்பாக இருந்தாலும் வீட்டில் இருக்கும் விறைப்பு அது. 125 வருடம் கழித்துப் பார்க்கும் நமக்கும் அவர்கள் முதலில் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகவே தெரிகிறார்கள்.

ஆனால் அந்தக் கோட்டு சூட்டில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதைப் பேசாமல் தாண்டிப்போக முடியாது. நல்ல உடை, நல்ல வாத்தியம், நல்ல தோரணை என்று காட்டித்தான் ஒரு பையன் மதிப்பைச் சம்பாதிக்க வேண்டும் என்றால், கிழிந்த சட்டை போட்டவனின் கதி என்ன? 2014 ஆகஸ்டில் மிசௌரி மாநிலம் ஃபெர்குசனில் 18 வயது மைக்கேல் பிரவுன் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டபோது இந்தக் கேள்வி ட்விட்டரில் பற்றி எரிந்தது. பத்திரிகைகளும் டிவிக்களும் அவனுடைய படங்களில் எதைத் தேர்ந்தெடுத்துப் போட்டன என்பதைப் பார்த்துக் கொதித்த இளைஞர்கள், என்னைச் சுட்டால் என்னுடைய எந்தப் படத்தைப் போடுவார்கள் என்று கேட்டு ஆளுக்கு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒன்றில் பட்டமளிப்பு அங்கி, அல்லது ராணுவச் சீருடை. மற்றதில் நண்பர்களோடு கும்மாளம், கையில் கோப்பை, கேமராவைப் பார்த்து ஏதோ சைகை. இரண்டிலும் ஒரே ஆள். ஆயிரக்கணக்கானவர்கள் போட்டார்கள். பட்டமளிப்புப் படத்தைப் போடச் சொல்லி அவர்கள் கேட்கிறார்கள் என்று அதை அப்போது பலர் எடுத்துக்கொண்டார்கள். நான் அதை வேறு மாதிரி படித்தேன். இரண்டாவது படத்தில் இருப்பவனும் உயிரோடு இருக்க வேண்டியவன்தான் என்பதே அவர்கள் சொன்னது.

எந்தப் படம் என்று முடிவு செய்வது யார் என்பது இதைவிடப் பெரிய விஷயம். கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் 1948இல் லைஃப் பத்திரிகைக்காக நியூயார்க்கில் கறுப்பின மக்களின் பகுதியான ஹார்லத்தில் ரெட் ஜாக்சன் என்ற 17 வயது இளைஞனோடு வாரக்கணக்கில் சுற்றினார். அவன் ஒரு தெருக் கும்பலின் தலைவன். நூற்றுக்கணக்கில் படங்கள் எடுத்தார். பத்திரிகை அச்சிட்டது 21. நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகம் 2013இல், அச்சான படங்களையும் விடப்பட்ட படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது. படங்களை எப்படி வெட்டினார்கள், எங்கே இருட்டைக் கூட்டினார்கள், எவற்றை ஒதுக்கினார்கள் என்று அதில் தெரிந்தது. அச்சில் வந்த கதை பயமும் அடிதடியும் தூக்கலான கதை. பார்க்ஸ் கண்டது அதைவிடப் பரந்த வாழ்க்கை. படம் எடுத்தவர் அக்கறையுள்ளவர், பையன் மனசு திறந்து இடம் கொடுத்தவன். ஆனாலும் வெட்டும் மேஜை இருவர் கையிலும் இல்லை.

இதே பார்க்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு எபனி பத்திரிகைக்காக எடுத்த ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். உளவியலாளர்கள் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகள் முன் இரண்டு பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்ட பரிசோதனை அது. பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் அதில் எடுத்துக் காட்டப்பட்டது. ஊர் பூசிய கரியைப் பையன் தானே பூசிக்கொள்ளத் தொடங்கும் இடம் அது. அதனால்தான் உருவப்படம் வெளியாருக்கு மட்டும் காட்டும் சான்றிதழாக நின்றுவிட முடியாது. படத்தில் இருக்கிறவனும் அதைப் பார்க்க வேண்டும்.

1990களில் இந்தக் கரி இன்னும் அடர்ந்தது. 1995இல் ஜான் டிஇலியோ என்ற அரசியல் அறிஞர், ஈவிரக்கமற்ற புதுவகை இளங்குற்றவாளிகள் படைபடையாக வரப்போகிறார்கள் என்று எழுதி, அவர்களுக்குக் கொடிய வேட்டை மிருகம் என்கிற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். பெரும்பாலும் யாரை மனத்தில் வைத்துச் சொன்னது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு படை வரவேயில்லை. இளையோர் வன்முறைக் குற்றங்கள் அந்த ஆண்டுகளிலிருந்து குறையத்தான் செய்தன. ஆனால் சிறுவர்களைப் பெரியவர்களாகக் கருதி வழக்கு நடத்தும் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக வந்து இறங்கிவிட்டன. வயதைக் கூட்டுவது கண்ணின் பிழையாக இருந்தது போய் சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

இனி ஃபிலிமைப் பற்றி. இது நம் ஊருக்கும் நேரடியாகச் சம்பந்தமுள்ள விஷயம்.

கலர் ஃபிலிம் வெகுகாலம் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்தே தயாரானது. கோடாக் கம்பெனி, லேப்களில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். முதலில் அப்படி உட்கார்ந்தவரின் பெயரால் அதை ஷெர்லி கார்டு என்பார்கள். ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் எல்லாம் சரி. ஆனால் ஒரே வகுப்பில் வெள்ளைப் பிள்ளையும் கறுப்பினப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஃபிலிம் தடுமாறியது. வெள்ளை முகத்துக்கு ஒளி அளந்தால் கறுப்பு முகம் இருட்டுக்குள் போய்விடும். கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். பிள்ளைகளின் பள்ளிப் படங்களைப் பார்த்துப் பெற்றோர்கள் குறைசொன்னார்கள். கம்பெனி உண்மையில் அசைந்தது, சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும் பழுப்பு நிறங்களின் நுணுக்கம் படத்தில் விழவில்லை என்று சொன்ன பிறகுதான். இந்த வரலாற்றை லோர்னா ராத் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு குழந்தையின் முகத்துக்காகச் செய்யாததைத் தேக்கு மேஜைக்காகச் செய்தார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஏனென்றால் என் வீட்டு ஆல்பத்திலும் அந்தப் படம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு குரூப் போட்டோ. இரண்டாவது வரிசையில் சட்டையும் பல்லும் தெரிகிற இடம்தான் நான். படம் எடுக்க வந்தவர் எங்களில் நாலைந்து பேரைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தில் பவுடர் போட்டுக்கிட்டு வாங்கடா, இல்லைன்னா விழாது என்றார். குறை எங்கள் முகத்தில் என்றுதான் அன்றைக்கு நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் கையில் இருந்த ஃபிலிமை யார் முகத்தை வைத்துப் பதப்படுத்தினார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கறுப்பினச் சிறுவர்கள் படும் பாட்டோடு இதை ஒப்பிட நான் வரவில்லை. எங்களை யாரும் சுடவில்லை. ஆனால் முகம் படத்தில் விழாமல் போவது எப்படி இருக்கும் என்பதை மட்டும் அறிவேன்.

கறுப்புத் தோலை நன்றாக எடுக்கத் தெரிந்தவர்கள் அந்த ஃபிலிம் காலத்திலேயே இருந்தார்கள். ஹார்லத்தில் பிறந்த ராய் டிகராவா கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போது இருட்டை விரட்ட முயலவில்லை. கறுப்புக்குள்ளேயே பத்து வகைக் கறுப்பைப் பிரித்துக் காட்டினார். அவர் படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கண் பழகப் பழக முகம் மேலே வரும்.

அவர் வழியில் வந்தவர்களில் டாவூட் பேய் (Dawoud Bey) என்ற கறுப்பினப் புகைப்படக்காரரிடம் வந்துசேர்கிறேன். இந்தக் கட்டுரையே அவரைப் பற்றி எழுதத்தான் ஆரம்பித்தேன்.

பேய் 1953இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பிறந்தவர். 1969இல், பதின்ம வயதில், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போனார். ஹார்லத்தைப் பற்றிய பெரிய கண்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. கறுப்பின ஓவியர்களின் ஓவியம் ஒன்றுகூட இல்லாமல் ஹார்லத்தைப் பற்றிக் கண்காட்சியா என்று வாசலில் மறியலும் நடந்துவந்தது. மறியலைப் பார்க்கப் போன பையன், அன்றைக்கு அது இல்லாததால் உள்ளே போனான். சுவரெங்கும் சாதாரணக் கறுப்பின மக்களின் படங்கள். 1975இல் அவரே கேமராவோடு ஹார்லம் தெருக்களுக்குப் போனார். அவருடைய அம்மாவும் அப்பாவும் முதலில் சந்தித்துக்கொண்ட ஊர் அது. எடுத்த படங்களை 1979இல் ஹார்லத்திலேயே இருக்கும் ஸ்டுடியோ மியூசியத்தில் வைத்தார். படத்தில் இருந்தவர்கள் நடந்து வந்து பார்க்கக்கூடிய தூரம்.

அவற்றில் 1976இல் எடுத்த ஒரு படம். 125ஆவது தெருவில் ஒரு சினிமா தியேட்டரின் முன்னால் ஒரு பையன். போலீசார் கூட்டத்தைத் தடுக்க வைக்கும் மரக்கட்டைத் தடுப்பில் சாவகாசமாகச் சாய்ந்து நிற்கிறான். கண்ணில் கூலிங்கிளாஸ், முகத்தைவிட ஒரு சுற்றுப் பெரியது. பெரிய ஆள் தோரணை. நம் ஊரில் அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்காத பையன் உண்டா? அவனும் வயதைக் கூட்டித்தான் காட்டுகிறான். ஆனால் அது அவனே விளையாட்டாகக் கூட்டிக்கொண்ட வயது. விளையாட்டு என்பது படத்திலேயே தெரிகிறது. தோரணையும் தெரிகிறது, தோரணைக்குள் இருக்கும் சின்னப் பையனும் தெரிகிறான். கிளீவ்லாண்டில் அந்தக் காவலர்களுக்குத் தெரியாமல் போனது இந்த இரண்டாவது ஆள்தான்.

1980களின் கடைசியில் பேய் கைக்கேமராவை விட்டுவிட்டு, முக்காலியில் நிறுத்தும் பெரிய வியூ கேமராவுக்கு மாறினார். இது சும்மா கருவி மாற்றம் அல்ல. வியூ கேமராவில் யாரையும் தெரியாமல் எடுக்க முடியாது. முதலில் போய்ப் பேச வேண்டும், அனுமதி கேட்க வேண்டும். படத்துக்கு நிற்பவர் எதிரே இருப்பார், நீங்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடித் திரையில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு ஃபிலிமைச் செருகிவிட்டு வெளியே வந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, எதிரே இருப்பவரை வெறுங்கண்ணால் நேருக்கு நேர் பார்த்தபடிதான் ஷட்டரை அழுத்த முடியும். நேரம் ஆகும். அந்த நேரத்தில் பையனின் முதல் விறைப்பு இறங்கிவிடும். எத்தனை நேரம்தான் முறைத்துக்கொண்டு நிற்பான்?

அவர் போட்டது போலராய்டின் டைப் 55 என்ற ஃபிலிம். அதைப் பிரித்தால் ஒரே சமயத்தில் ஒரு பிரிண்டும் ஒரு நெகட்டிவும் வரும். பிரிண்டை அங்கேயே, அந்தத் தெருவிலேயே, படத்தில் நின்றவரிடம் கொடுத்துவிடுவார். நெகட்டிவ் அவருக்கு. தெருவில் படம் எடுப்பவர்கள் வழக்கமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எடுத்த படம் எங்கே போனது என்று நின்றவருக்குத் தெரியவே தெரியாது. இங்கே மியூசியச் சுவருக்குப் போவதற்கு முன்பே படம் ஹார்லத்திலோ புரூக்ளினிலோ ஒரு வீட்டுக்குப் போய்விடுகிறது. முன்னே சொன்ன வெட்டும் மேஜைக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் பார்த்ததில்லை.

பின்னால் 2002 முதல் பள்ளிக்கூடங்களுக்குப் போய், வகுப்பறைகளிலேயே மாணவர்களை எடுத்தார். அந்தத் தொகுப்பு 2007இல் புத்தகமாக வந்தது. எல்லா இனப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி எழுதிய குறிப்பு. முகத்தைப் பார்த்து நாம் ஒன்றை நினைத்திருப்போம். குறிப்பைப் படித்தால் அது வேறு எங்கோ போகும். திரும்பி முகத்தைப் பார்க்கும்போது நாம் முதலில் நினைத்தது எவ்வளவு அவசரமானது என்று தெரியும்.

அடுத்த தலைமுறையிலும் இந்தக் கை ஓயவில்லை. குயின்ஸைச் சேர்ந்த ஜான் ஹென்றி 2014 முதல், கறுப்பினத் தாய்மார்கள் தங்கள் மகன்களை மடியில் ஏந்தியிருக்கும் படங்களை எடுத்துவருகிறார். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை மரியாள் ஏந்தியிருக்கும் அதே நிலை. மகன்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களுக்குத் தினமும் மனத்தில் ஓடும் பயத்தை ஒரு விநாடி உடம்பால் நடித்துக் காட்டுகிறார்கள். அட்லாண்டாவைச் சேர்ந்த டைலர் மிட்செல் நேர் எதிர்த் திசையில் போகிறார். அவர் படங்களில் கறுப்பின இளைஞர்கள் புல்வெளியில் படுத்துக் கிடக்கிறார்கள், ஊஞ்சலாடுகிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசரம் அங்கே இல்லை. அழகு மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. சும்மா கிடப்பதற்கு உரிமை இல்லாத பிள்ளைகளுக்குச் சும்மா கிடக்கும் படம் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

படம் குண்டைத் தடுக்காது. 1955இல் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டபோது, அவன் அம்மா மேமி சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். சிதைந்த அந்த முகத்தின் படம் ஜெட் பத்திரிகையில் வந்து நாட்டையே உலுக்கியது. அந்தப் படத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். மேமி இன்னொன்றும் செய்திருந்தார். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் மகனின் மூன்று படங்களைக் குத்திவைத்திருந்தார். முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் எடுத்தவை. தொப்பியும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பையன். வரிசையில் வந்தவர்கள் கீழே ஒன்றையும் மேலே ஒன்றையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

டாவூட் பேய்க்கும் இப்படி மனத்தை விட்டுப் போகாத ஒரு படம் இருந்தது. 1963 செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை காலை, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. உயிர் பிழைத்த ஒரு சிறுமி கண்களில் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் படத்தைப் பதினோரு வயதில் பேய் ஒரு புத்தகத்தில் பார்த்தார்.

அதே நாளில் அதே ஊரில் இரண்டு பையன்களும் இறந்தார்கள். அவர்களை நினைப்பவர்கள் குறைவு. ஜானி ராபின்சனுக்கு 16 வயது. ஒரு போலீஸ்காரர் முதுகில் சுட்டார். அவர்மேல் வழக்கே பதிவாகவில்லை. வெர்ஜில் வேருக்கு 13 வயது. அண்ணன் ஓட்டிய சைக்கிளின் ஹாண்டில்பாரில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான். எதிரே மோட்டார் பைக்கில் வந்த 16 வயது வெள்ளைக்காரப் பையன் சுட்டான். நீதிமன்றம் அந்தப் பையனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு விட்டது. ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு பதினாறு வயதுகள்.

ஐம்பது வருடம் கழித்து, 2012லும் 2013லும், பேய் பர்மிங்ஹாமில் தங்கி அந்த ஊர்க் கறுப்பின மக்களைப் படம் எடுத்தார். ஒரு தேவாலயத்தின் பெஞ்சில் சிலர், ஊர் அருங்காட்சியகத்தில் சிலர். இறந்தவர்களின் வயதுள்ள பிள்ளைகள் ஒரு பக்கம்: 11, 13, 14, 16. இறந்தவர்கள் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன வயதாகியிருக்குமோ அந்த வயதுக்காரர்கள் மறுபக்கம்: 61, 63, 64, 66. கறுப்பு வெள்ளையில் 16 ஜோடிகள். ஜோடியில் இருப்பவர்கள் உறவினர்கள் இல்லை. இறந்தவர்கள் யாரும் படத்தில் இல்லை.

13 வயதுப் பையன் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். பார்த்தவுடன் தெரிகிறது, பதின்மூன்றுதான். கண் வலப்பக்கம் நகர்ந்தால் 63 வயது மனிதர், அதே நேர்ப் பார்வையில். இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு.